ஹேண்டில்பார் வாங்கும் முன் உடம்பை அளந்து பாருங்கள்

பொழுது விடியும் முன்பே ஜொகூர் பாருவில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடிக்கத் தொடங்கிவிடுகின்றன. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். ஆனால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் நெரிசலில் ஊர்ந்தும் நின்றும் அதைக் கடப்பதற்குள் கையும் முதுகும் களைத்துவிடுகின்றன. வீடு திரும்பியதும் "கை மரத்துப் போச்சு", "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கும்.

மாணவர்களே, உங்கள் அப்பாவோ அம்மாவோ மாமாவோ இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காரணம் கேட்டால் வயது என்பார்கள், இருக்கை என்பார்கள், சாலை என்பார்கள். கைகள் பிடித்திருக்கும் ஹேண்டில்பாரைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. சந்தேகித்து மாற்ற நினைப்பவர்களும் பெரும்பாலும் கடையில் அழகாகத் தெரிவதை வாங்கிவிடுகிறார்கள். சட்டை வாங்கும்போது தோளை அளக்கிறோம். ஹேண்டில்பார் வாங்கும்போது எதையும் அளப்பதில்லை.

இது வலியோடு முடிகிற விஷயமும் அல்ல. மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடும். மரத்துப்போன விரல்கள் பிரேக்கைப் பிடிக்க அரை வினாடி தாமதித்தால், வண்டி 12.5 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். அது ஒரு பேருந்தின் நீளம்.

குரூசர் வண்டியின் உடல்வாகு

தாழ்ந்த இருக்கை, முன்னால் தள்ளி வைத்த கால்மிதி, ஓட்டுநரை நோக்கி வளைந்து வரும் அகலமான ஹேண்டில்பார். இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த வண்டியைக் குரூசர் என்கிறோம். அமெரிக்காவில் வேர்விட்ட பாணி இது. நம் நாட்டிலும் கெடா மாநிலம் குருணில் உள்ள மொடெனாஸ் நிறுவனம் 'ஜாகு 175' என்ற குரூசரைத் தயாரித்தது.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு பெயர் ராயல் என்ஃபீல்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமான அது, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கைகோத்துச் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகள் உருவாயின. அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'மீட்டியோர் 350' ஒரு குரூசர். அதன் எடை 191 கிலோ. இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது.

மலேசியாவில் 16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம். அந்த உரிமத்தில் 250 சிசி வரைதான் ஓட்ட முடியும். ஆகவே உங்களில் பலருக்கு இப்போதைக்கு ஓட்டுவதைவிட அளப்பதே வேலை. அதற்குத் தேவையான இயற்பியல் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

மூன்று புள்ளிகள்

வண்டியில் உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டில் பாருங்கள். உடம்பு வண்டியைத் தொடுவது மூன்று இடங்களில்: இருக்கை, கால்மிதி, கைப்பிடி. இம்மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணம் உடம்புக்குப் பொருந்தினால் சுகம், பொருந்தாவிட்டால் வலி.

சாதாரணக் கப்சாய் வண்டியில் கால் ஏறக்குறைய உடம்புக்குக் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம். குரூசரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் அப்படி எழும்ப முடியாது. உடம்பின் எடை இடுப்பின் அடியில் இறங்கும். இந்த நிலையில் கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தால் முதுகு வில்போல வளைந்து முன்னால் போகும். அதனால் குரூசரில் ஹேண்டில்பாரின் இடம் மற்ற வண்டிகளைவிட முக்கியமாகிறது.

5 சென்டிமீட்டரின் விலை

கைப்பிடி 5 சென்டிமீட்டர் அதிகத் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஐந்து சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இடுப்பிலிருந்து தோள் வரை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். தோள் 5 சென்டிமீட்டர் முன்னே போக வேண்டுமானால் உடம்பு சுமார் 6 பாகை சாய வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் தலை, கைகள், உடற்பகுதி ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 47 கிலோ. அதாவது சுமார் 460 நியூட்டன் எடை. இந்த மேல் உடம்பின் ஈர்ப்பு மையம் இடுப்புக்கு மேலே 33 சென்டிமீட்டர் அளவில் இருப்பதாகக் கொள்வோம். 6 பாகை சாய்ந்தால் அந்த மையம் இடுப்புக்கு நேர்மேலிருந்து சுமார் 3.5 சென்டிமீட்டர் முன்னே நகரும்.

விசையை, திருப்பு மையத்திலிருந்து அதன் செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். இரண்டாம் படிவ அறிவியலில் 'மோமென் டாயா' என்று படிப்பீர்களே, அதுதான். இங்கே 460 நியூட்டனை 0.035 மீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 16 நியூட்டன் மீட்டர்.

இது எவ்வளவு பெரிது? 1 மீட்டர் நீளக் கோலின் நுனியில் 1.6 கிலோ எடையைத் தொங்கவிட்டு, மறுமுனையைப் பிடித்துக் கோலைக் கிடையாக நிறுத்திப் பாருங்கள். ஒரு நிமிடத்திலேயே கை நடுங்கும். அந்த அளவுத் திருப்புத்திறனைத்தான் முதுகுத் தசைகள் பயணம் முழுக்கத் தாங்குகின்றன. அவை களைத்ததும் அந்தச் சுமை கைகளுக்கு இறங்குகிறது. உள்ளங்கை கைப்பிடியில் அழுந்துகிறது. கை மரத்துப்போவது பல நேரங்களில் இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் நேராக நிமிர்ந்து உட்காரலாமா?

ஊருக்குள் ஓட்டினால் அது நல்ல யோசனை. நெடுஞ்சாலைக்குப் போனால் காற்று வந்து எதிர்வாதம் செய்யும்.

காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து, நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110 கிலோமீட்டருக்குப் போனால் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் மார்பில் மோதும் காற்றின் விசை சுமார் 3.4 மடங்கு ஆகிவிடுகிறது. நிமிர்ந்த உடம்பு பாய்மரம்போல விரிந்து நிற்கிறது. பின்னால் தள்ளப்படாமல் அதைப் பிடித்து வைப்பவை கைகளே. முன்பு கைகள் கைப்பிடியைத் தள்ளின, இப்போது இழுக்கின்றன. களைப்பு இரண்டிலும் உண்டு.

ஆகவே முதல் கேள்வி 'எந்த ஹேண்டில்பார் நல்லது' என்பதல்ல, 'எந்தச் சாலையில் ஓட்டுகிறோம்' என்பதே. தினமும் கடற்பாலத்தில் ஊர்ந்து செல்பவருக்கு நிமிர்ந்த நிலை உதவும். வார இறுதியில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் வரை செல்பவருக்குச் சற்றே முன்சாய்ந்த நிலை உதவும். காற்று அந்தச் சாய்வைப் பாதி தாங்கிக்கொள்ளும்.

அகலமும் உயரமும்

ஹேண்டில்பார் ஒரு நெம்புகோல். 70 சென்டிமீட்டர் அகலமுள்ள பாரில் ஒவ்வொரு கையும் நடுத்தண்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 20 நியூட்டன் விசை கொடுத்தால் 7 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 90 சென்டிமீட்டர் பாரில் அதே திருப்புத்திறனுக்கு 15.6 நியூட்டன் போதும்.

ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிட வேண்டும். முன்சக்கரத்தை 30 பாகை திருப்ப, குறுகிய பாரில் கை சுமார் 18 சென்டிமீட்டர் நகரும்; அகன்ற பாரில் 24 சென்டிமீட்டர். மெதுவாக ஊர்ந்து வளைக்கும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் தோள் இழுபடும். நெரிசலில் பக்கத்து வண்டியின் கண்ணாடியிலும் இடிக்கும். தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால் போதும். அதற்கு மேல் கூடக் கூடப் பார்வைக்குக் கம்பீரம், கைக்கு வேலை.

உயரமும் அப்படித்தான். கைகள் தோளுக்கு மேலே நிற்கும் பார்களை ஆங்கிலத்தில் 'குரங்குத் தொங்கல்' என்ற பொருளில் கேலிப்பெயர் வைத்து அழைக்கிறார்கள். படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். இதயத்துக்கு மேலே ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் கையில் இரத்த அழுத்தம் சுமார் 8 மில்லிமீட்டர் பாதரசம் குறையும். தோள்தசைகளும் ஓயாமல் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஹேண்டில்பாரின் உயரத்துக்குச் சட்டத்தால் வரம்பு வைத்துள்ளன.

எந்த விரல் மரக்கிறது?

கை மரத்துப்போகிறது என்றால் அடுத்து கேட்க வேண்டியது 'எந்த விரல்?' என்பதுதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்வு தரும் நரம்பு மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகிய எலும்புக் குகை வழியாக வருகிறது. மணிக்கட்டு மேலே கீழே வளைந்தால் அந்தக் குகைக்குள் அழுத்தம் கூடும். அப்போது இந்த விரல்கள் மரக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்தால், உள்ளங்கையின் வெளிவிளிம்பில் ஓடும் வேறொரு நரம்பு கைப்பிடியில் அழுந்துகிறது என்று ஊகிக்கலாம்.

முதல் வகையில் கைப்பிடியின் கோணத்தையும் பிரேக், கிளட்ச் நெம்புகளின் சாய்வையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் உள்ளங்கை எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கிய பின்னும் மரப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

அதிர்வு என்னும் மறைமுக எதிரி

350 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், வினாடிக்கு 50 சுற்று. அந்த 50 ஹெர்ட்ஸ் அதிர்வு வண்டியின் உடல் வழியே ஹேண்டில்பாருக்கு வருகிறது. ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் அது மேலும் மேலும் உயர்வதுபோல, எஞ்சினின் தாளமும் தண்டின் தாளமும் ஒத்துப்போனால் அதிர்வு பெருகும். இதுதான் ஒத்ததிர்வு.

ஒரு சிறு சோதனை. இரும்பு அடிக்கோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டித் தட்டுங்கள். பிறகு 20 சென்டிமீட்டர் நீட்டித் தட்டுங்கள். நீளம் இரு மடங்கானால் அதிர்வெண் கால் பங்காகும். முனையில் ஒரு நாணயத்தை ஒட்டினால் இன்னும் குறையும். உயரமான, நீளமான பார் கடையில் அமைதியாக இருந்தாலும், அதன் அதிர்வெண் எஞ்சினின் வழக்கமான ஓட்ட வேகத்துக்கு இறங்கி வந்துவிட்டால் சாலையில் ஓயாமல் ரீங்கரிக்கும். ஹேண்டில்பார் முனையில் எடைகளைத் திருகுவது இந்தத் தாளத்தை விலக்கி வைக்கத்தான்.

அதிர்வை உலகம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. துளைக் கருவி, மரம் அறுக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு பல ஆண்டு வேலை செய்பவர்களுக்கு விரல்கள் வெளுத்து உணர்விழக்கும் நோய் வருவதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இதற்கு அளவு வகுத்தது. 8 மணி நேர வேலைநாளில் கைக்கு வரும் அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீட்டர்/வினாடி² தாண்டவே கூடாது.

செய்து பார்ப்போம்: உடம்பைக் கேளுங்கள்

தேவையானவை: அளவுநாடா, பாகைமானி, கைப்பேசிக் கேமரா, உதவிக்கு இரண்டு பெரியவர்கள். வண்டி சமதளத்தில், எஞ்சின் அணைந்து ஆறிய நிலையில் இருக்க வேண்டும். ஒரு பெரியவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளட்டும்.

1. ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து கால்களைக் கால்மிதியில் வைக்கட்டும். தினமும் அணியும் காலணியும் தலைக்கவசமும் அணிந்திருக்கட்டும்.

2. கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கை சற்று மடிந்திருக்க இரு கைகளையும் முன்னால் தூக்கட்டும். மனத்தில் ஹேண்டில்பாரை நினைக்கக் கூடாது. கை தானாக எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நிற்கட்டும்.

3. பக்கவாட்டில் நின்று படம் எடுங்கள். விரல்முட்டிக்கும் கைப்பிடிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் முன்பின், எத்தனை சென்டிமீட்டர் மேல்கீழ் என்று அளந்து குறியுங்கள்.

4. இதை மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரே அளவை நம்பாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் சொல்வதுதான் இங்கும்.

கை விரும்பும் இடம், கைப்பிடியைவிட 4 சென்டிமீட்டர் பின்னாலும் 2 சென்டிமீட்டர் மேலேயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்கள் போதும். கடைக்காரரின் பேச்சைவிட இவை உண்மையைச் சொல்லும்.

முதலில் திருகுங்கள், பிறகு வாங்குங்கள்

செலவில்லாத வழி முதலில். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்தி, பாரைச் சற்றுப் பின்னோக்கிச் சுழற்றலாம். 10 சென்டிமீட்டர் எழும்பிய பாரை 10 பாகை சுழற்றினால் கைப்பிடி சுமார் 1.7 சென்டிமீட்டர் பின்னே வரும். அளவு மீறினால் கைப்பிடியின் முனை கீழே சரிந்து மணிக்கட்டை வளைத்துவிடும். பிரேக், கிளட்ச் நெம்புகளையும் முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் அமையும்படி திருப்பலாம். பலருக்கு இதுவே போதுமானதாகிவிடும்.

அடுத்தது, பாருக்கு அடியில் வைக்கும் உயர்த்திக் கட்டைகள். இங்கே முக்கோணக் கணக்கு வருகிறது. முன்சக்கரத்தின் தண்டு செங்குத்தாக இல்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு 30 பாகை என்றால், அதன் வழியே 5 சென்டிமீட்டர் உயர்த்தும்போது கைப்பிடி 4.3 சென்டிமீட்டர் மேலேயும் 2.5 சென்டிமீட்டர் பின்னாலும் போகும். நம் உதாரணத்துக்கு இது பொருந்துமா? 4 சென்டிமீட்டர் பின்னே கொண்டுவர 8 சென்டிமீட்டர் கட்டை வேண்டும். அப்போது உயரம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் கூடிவிடும். நமக்கு வேண்டியது வெறும் 2. ஆகவே இவருக்குக் கட்டை பொருந்தாது. உயரம் சிறிதே கூடி, பின்வளைவு அதிகமாகும் புதிய பார்தான் பொருந்தும். அளந்ததால் தவறான பொருளுக்குக் கொடுக்கவிருந்த பணம் மிச்சம்.

வாங்கும்போது ஐந்து எண்களைக் கேளுங்கள்: முனைக்கு முனை அகலம், எழும்பும் உயரம், ஓட்டுநரை நோக்கிய பின்வளைவு, கைப்பிடிப் பகுதியின் கோணம், கவ்வும் இடத்தின் விட்டம். கடைசி எண் கண்ணுக்குத் தெரியாத வம்பு. பல ஜப்பானிய வண்டிகளில் பாரின் விட்டம் 22 மில்லிமீட்டர். ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் வழக்கமாக 25.4. ஒன்றுக்கு ஒன்று சேராது. சிறிய பாரைப் பெரிய கவ்வியில் துணியோ தகரமோ சுற்றி இறுக்குவது உயிரோடு விளையாடுவது.

மாற்றிய பின் மறக்கக் கூடாதவை

பார் நகர்ந்தால் அதோடு கட்டிய எல்லாமும் நகர வேண்டும். கிளட்ச் வயர், ஆக்சிலரேட்டர் வயர், பிரேக் எண்ணெய்க் குழாய், மின்கம்பிகள் எல்லாம் பழைய பாருக்கு ஏற்ற நீளத்தில் வந்தவை. உயரமான பாருக்கு அவை எட்டாமல் இழுபடலாம். அப்போது ஹேண்டிலைத் திருப்பும்போது ஆக்சிலரேட்டர் தானாகவே திறந்துகொள்ளும். வளைவில் மெதுவாகப் போக நினைக்கும் நேரத்தில் வண்டி பாயும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. வண்டியை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் மெக்கானிக் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒலி கொஞ்சமும் மாறக் கூடாது. எந்த வயரும் விறைக்கக் கூடாது. கைவிரல்கள் பெட்ரோல் தொட்டியில் இடிக்கக் கூடாது. கவ்வியின் போல்ட்டுகளை வண்டிக் கையேட்டில் சொன்ன நியூட்டன் மீட்டர் அளவுக்கு அளவுமானி ஸ்பானரால் இறுக்க வேண்டும். அங்கேயும் வந்து நிற்பது அதே திருப்புத்திறன்தான்.

சட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.-யிடம் என்ன அனுமதி தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லிவைப்பதும் நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்கும் கேள்விக்கு விலை அதிகம்.

இந்த வார விடுமுறையில் வீட்டில் இருக்கும் மோட்டார் சைக்கிளை அளந்து பாருங்கள். குரூசராக இருக்க வேண்டியதில்லை; கப்சாயும் போதும். முன்பின், மேல்கீழ் என்ற இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி, தினமும் அந்த வண்டியை ஓட்டுபவரிடம் கொடுத்துவிட்டு, எந்த விரல் மரக்கிறது என்று கேளுங்கள்.